கண்டலடிப் பாடங்கள்

'சூழற்றொகுதி' என்ற சொல்லை எங்கள் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுவார்கள். வரைவிலக்கணம் கேட்டால், ஓரிடத்தில் வாழும் அங்கிகளும் அவற்றின் உயிரற்ற சூழலும் இடைத்தாக்கமுற்று இயங்கும் தொகுதி என்று மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். உதாரணம் தா என்றால் மழைக்காடு என்பார்கள், சிங்கராஜ வனம் என்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் முருகைக்கற்பாறையையும் சேர்த்துக்கொள்ளும். பாடசாலை மதிலுக்கு அப்பால் இருநூறு யார் தூரத்தில் களப்பு கிடக்கிறது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் அதன் சேற்று வாசனை வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் களப்பை உதாரணமாகச் சொன்ன பிள்ளையை நான் வெகுகாலமாகக் காணவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்ற உணவுச் சங்கிலியைத்தான் நானும் படித்தேன், எனக்குப் படிப்பித்தவர்களும் படித்தார்கள். அந்தப் பருந்து எந்த ஊர்ப் பருந்து, அந்தப் புல் எந்த வயல் வரம்பில் முளைத்தது என்று யாரும் கேட்டதில்லை. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு விரிவுரை செய்த ஒருவர், 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுங்கள்' என்று ஒவ்வொரு விரிவுரையிலும் சொல்வார். நாங்களும் அதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றோம். கடற்கரை ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்தது எது என்ற கேள்வியை மட்டும் கலாசாலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தெரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வடக்கே கடலை நோக்கித் திறந்திருக்கும் இந்த நீர்ப்பரப்புக்குக் கிழக்கிலிருந்து கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீர் கொண்டுவருகின்றன. மேற்கே கற்பிட்டிக் குடாநாடு ஒரு நீண்ட கையைப்போல அதை அணைத்துக் கிடக்கிறது. 1344இல் இப்னு பதூதா கரையிறங்கிய 'பத்தாலா' இந்தப் புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெல்லாம் மலைமலையாய்க் குவிந்துகிடந்ததாக அவர் எழுதியிருக்கிறார். உள்நாட்டில் முளைத்தது ஒருநாள் களப்புக்கு வந்துசேரும் என்பதற்கு நான் பிள்ளைகளுக்குக் காட்டும் முதல் சாட்சி அவர்தான்.

இந்தக் கரையில் வளரும் எட்டாந்தரத்துப் பிள்ளைக்கு மடவை எந்த நீரில் கூட்டமாக வரும், கொடுவா எந்த வேருக்குள் ஒளிந்திருக்கும், சேற்று நண்டின் பொந்தை எந்த அடையாளத்தால் அறிவது என்பதெல்லாம் தெரியும். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்று உம்மாமார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நைலோன் வருவதற்கு முன்னர் பருத்தி வலைகளைக் கண்டற்பட்டை அவித்த சாயத்தில் தோய்த்தெடுத்த கதையை மூத்தப்பாமார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் கண்டல் வித்தை ஈட்டியாக எறிந்து விளையாடாத பையன் இங்கே இல்லை. இத்தனையும் தெரிந்த பிள்ளை வகுப்பறைக்குள் நுழைந்ததும் வெட்டுக்கிளியையும் தவளையையும் எழுதுகிறது. களப்பு படிப்பாகும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் கேட்டேன்: "கண்டல் இலையைத் தின்பது எது?"

ஆடு என்றான் ஒருவன். இல்லை, ஆடு கண்ணா இலையைத்தான் தின்னும், கண்டல் இலையை முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்று மறுத்தாள் ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை. மாடு, குரங்கு, புழு என்று வந்த விடைகள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாயின. பச்சைக் கண்டல் இலையைப் பெரிதாகத் தின்பதற்கு ஆளில்லை. அதில் கயரம் அதிகம். அப்படியானால் இந்தக் காட்டில் உணவுச் சங்கிலி எங்கே தொடங்குகிறது? நான் விடை சொல்லவில்லை. பெரிய வெங்காயம் கட்டிவரும் வலைப்பைகள் பத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.

மரத்தடியில் விழுந்துகிடந்த பழுத்த இலைகளைப் பொறுக்கி, கடைத் தராசில் நிறுத்து, பைக்கு இருபதாகப் போட்டுக் கட்டினோம். பைகளைக் கண்டலின் மிண்டிவேர்களில், நீர் வந்துபோகும் மட்டத்தில் தொங்கவிட்டோம். வியாழக்கிழமை தோறும் ஒரு பையை அவிழ்ப்பது என்று ஏற்பாடு. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவரும் பரிசோதனைதான் இது. செலவில்லாதது என்பதால் நமக்கும் பொருந்துகிறது.

முதல் வாரத்து இலைகளை ஒரு போத்தல் தண்ணீரில் ஊறவைத்தபோது தண்ணீர் தேயிலைச் சாயம் போலச் சிவந்தது. கயரம் கழன்று போகிறது என்று கொப்பியில் எழுதினார்கள். மூன்றாம் வாரம் இலை கபில நிறமாகி, தொட்டால் வழுக்கியது. பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டத் தொடங்கியிருந்தது, எனக்கும் தவணைப் பரீட்சை பற்றிய கவலை வந்துவிட்டிருந்தது. ஆறாம் வாரம் பையை வெள்ளைக் கோப்பையில் கொட்டியபோது வகுப்பே தலையை நுழைத்தது. தெள்ளுப் போலத் துள்ளும் உயிர்கள், கடுகளவு நத்தைகள், நகக்கண்ணளவு நண்டு ஒன்று, கண்ணாடி போல உடம்புக்குள் எல்லாம் தெரியும் இறால் குஞ்சு இரண்டு. பத்தாம் வாரம் நரம்புகளும் கறுப்புக் கூழும்தான் எஞ்சின. அந்தக் கூழை விரலால் எடுத்துப் பார்த்த பிள்ளை ஒன்று, "சேர், அப்ப நாங்க மிதிக்கிற சேறு சேறில்ல, இலை" என்றது. என் பாடக்குறிப்பில் நான் எழுதியிருந்த முடிவு இவ்வளவு சுருக்கமாக இருக்கவில்லை.

1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் புளோரிடாவில் எரிக் ஹீல்ட், வில்லியம் ஓடம் என்ற இருவர் இதைத்தான் காட்டினார்கள். கண்டற்காட்டின் விருந்து பச்சை இலையில் இல்லை, விழுந்து அழுகும் இலையில் இருக்கிறது. பற்றீரியாவும் பங்கசும் இலையைப் பிரித்துத் தம் உடலைச் சேர்க்கச் சேர்க்க, அழுகிய இலை பச்சை இலையைவிடச் சத்துள்ளதாகிறது. இறாலும் நண்டும் குஞ்சு மீன்களும் அதைத் தின்கின்றன. சேற்றின் மேற்பரப்பில் வளரும் நுண்ணிய அல்காக்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தம் சொல்லியிருக்கின்றன. பிரிகையாக்கிகளைப் பாடத்தின் கடைசி வரியில் வைத்துப் படிப்பிப்பது நமது வழக்கம். இங்கே அவை முதல் வரியில் நிற்கின்றன. இறால் முட்டையிடுவது ஆழக்கடலில், அதன் குஞ்சுகள் நீரோட்டத்தோடு களப்புக்குள் வந்து இந்த வேர்களுக்கிடையிலும் கடற்புல்லிலும் வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகின்றன என்று விளக்கியபோது, "அதனாலதான் பெரிய இறால் வாயடியில படுது" என்று தொழில் தெரிந்த பையன்கள் தலையாட்டினார்கள்.

பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் உணவு வலையை வரைந்தோம். இலை, பற்றீரியா, நண்டு, மடவை, கொடுவா, கொக்கு, நீர்க்காகம். மனிதனை எங்கே வைப்பது என்பதில் சண்டை வந்தது. உச்சியில் வைக்கவேண்டும், எல்லாவற்றையும் தின்பவன் அவன்தான் என்றது ஒரு கட்சி. தின்பது மட்டுமா, விறகு வெட்டுகிறான், தோணி கட்டுகிறான், குப்பை கொட்டுகிறான், அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டது மற்றக் கட்சி. மனிதனை வெளியே விட்டுவிடலாம் என்று சமாதானம் பேசினான் ஒருவன். சூழற்றொகுதி என்ற எண்ணக்கருவை 1935இல் அறிமுகப்படுத்திய ஆதர் ரான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், மனிதனின் வேலைகளை ஒதுக்கிவிட்டு இயற்கையை மட்டும் தனியே ஆராய முடியாது என்று அதே கட்டுரையில் வாதிட்டிருக்கிறார். சொல்லை எடுத்துக்கொண்ட நாம் அந்த வாதத்தை விட்டுவிட்டோம். மனிதனை நடுவில் வைத்து, இரு பக்கமும் அம்புக்குறி போட்டு முடித்தோம்.

நடுவில் வைத்த பிறகுதான் பாடம் சுடத் தொடங்கியது.

எங்கள் ஊரின் தெற்கே கைவிடப்பட்ட இறால் குளங்கள் இருக்கின்றன. 1980களில் சிலாபம், முந்தல், புத்தளம் கரைகளில் பரவிய இறால் வளர்ப்பு, கண்டலையும் உவர்ச் சதுப்பையும் வெட்டிக் குளமாக்கியது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பல குளங்களைக் காலியாக்கியது. எங்கள் பக்கத்துக் குளக்கட்டில் இன்றும் புல்கூட ஒழுங்காக முளைப்பதில்லை. அந்த மண்ணை நீரில் கரைத்து நீலப் பாசிச்சாயத்தாளைத் தோய்த்தோம். சிவந்தது. கண்டற் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்வை இருக்கிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. தோண்டிக் காற்றில் போட்டால் ஒட்சிசனோடு சேர்ந்து சல்பூரிக்கமிலமாகிவிடும். சிவந்த தாளை ஆளுக்கொரு துண்டாகக் கொப்பியில் ஒட்டிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலை ஒரு பிள்ளையின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். அந்தக் குளங்களில் பல வருடம் காவலாளியாக இருந்தவர். "சேர், என்ட மகன் ராவு என்னட்டக் கேக்கிறான், வாப்பா நீங்க அமிலம் செஞ்சீங்களாண்டு" என்றார். கோபமா கவலையா என்று பிரிக்க முடியாத குரல். தேநீர் குடிக்கச் சொன்னேன். குடித்து முடிப்பதற்குள், எந்த மடையால் தண்ணீர் எடுத்தார்கள், எந்த மடையால் விட்டார்கள் என்று மேசையில் விரலால் வரைந்து காட்டினார். "நாங்க விட்ட தண்ணியத்தான் பக்கத்துக் குளத்துக்காரன் எடுத்தான். அவன் விட்டத்த நாங்க எடுத்தோம். ஒரு குளத்தில சாவு விழுந்தா மூணாம் நாள் எல்லாத்திலயும் விழும்." நோய் பரவிய விதம் பற்றி ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் இதுதான். அவரை வகுப்புக்கு அழைத்துச் சென்று அதையே கரும்பலகையில் வரையச் சொன்னேன். மகன் முன்வரிசையில் இருந்தான். சோக்கட்டி பிடித்துப் பழக்கமில்லாத கை என்பதால் கோடுகள் நெளிந்தன, ஆனால் மடைகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன.

அதற்கடுத்த வாரம் வந்த கேள்விதான் கடினமானது. "சேர், எங்கட ஆக்கள்தான் காட்டை அழிச்சதெண்டு போனில வருது. உண்மையா?"

வாசகர்களுக்கு இந்தக் கேள்வியின் பின்னணியை நான் விரிக்கத் தேவையில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில்தான் தங்கியது. 2009இல் யுத்தம் முடிந்து முசலிப் பக்கத்துக்குத் திரும்பியவர்கள், இருபது வருடத்தில் தம் காணிகள் காடாகிக் கிடந்ததைக் கண்டார்கள். அந்தப் பகுதிகளில் சில 2012இல் வன ஒதுக்கமாக வர்த்தமானியிலும் வந்துவிட்டன. அதன்பின் 'வில்பத்து' என்ற பெயர் ஒரு வசையாக எங்கள்மீது எறியப்பட்டது. கல்லாறு வனப்பகுதி வெட்டப்பட்டது தொடர்பான வழக்கில் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மீள மரம் நடும்படி தீர்ப்பளித்தது. சட்டத்தின் முடிவு சட்டத்தின் இடத்தில் இருக்கட்டும். என் கவலை வேறு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் 'சூழல்' என்ற சொல்லே தன் சமூகத்துக்கெதிரான குற்றப்பத்திரிகையாகக் கேட்கத் தொடங்கினால், அது ஒன்றில் காட்டை வெறுக்கும், அல்லது தன் மூத்தப்பாவை வெறுக்கும். இரண்டுக்கும் நான் ஆசிரியராக இருக்க விரும்பவில்லை.

நான் பிள்ளைகளுக்கு என் கதையைச் சொன்னேன். மன்னாரிலிருந்து தோணியில் கற்பிட்டியில் வந்திறங்கியபோது எனக்குப் பத்து வயது. கிடுகுக் கொட்டிலுக்குக் கால் நடுவதற்கு வாப்பா கண்டல் தடிகளை வெட்டினார். அந்த மழைக்கு எங்கள் அடுப்பில் எரிந்ததும் கண்டல் விறகுதான். பச்சையாகவே எரியும், நின்று எரியும் என்று உம்மா மெச்சினார். வெட்டியது உண்மை. அந்த மரம் எங்கள் தலைக்கு மேல் நின்றதும் உண்மை. இதில் எதையும் மறைப்பதற்கு எனக்கு அவசியமில்லை.

பிறகு வேலை கொடுத்தேன். வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு வாருங்கள்: என்ன வெட்டினீர்கள், எவ்வளவு, எதற்காக, எப்போது நிறுத்தினீர்கள்? வந்தவர், இருந்தவர் என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் கேட்கவேண்டும். ஊரின் பழைய குடும்பங்கள் தோணிக்கும் வலைக்கம்புக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் வெட்டியிருந்தன. அகதியாக வந்தவர்கள் கொட்டிலுக்கும் அடுப்புக்கும் வெட்டியிருந்தார்கள். கல்வீடு வந்ததும் தடி வெட்டுவது நின்றது. விறகு மட்டும் இன்னும் சில வருடங்கள் தொடர்ந்தது. குளத்துக்காரர்களுக்கு வெட்டிக்கொடுத்துக் கூலி வாங்கியவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். குளம் யாருடையது என்று கேட்டபோது வந்த பெயர்களில் ஊருக்கு வெளியே, கொழும்பில் இருப்பவர்களும் இருந்தார்கள். பெயர்களைக் கரும்பலகையில் எழுத நான் அனுமதிக்கவில்லை. பரப்பை மட்டும் எழுதினோம்.

கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். ஒரு கொட்டிலுக்கு எத்தனை தடி, அத்தனை தடிக்கு எத்தனை மரம். ஒரு குளத்துக்கு எத்தனை பேர்ச்சஸ், அதற்குள் எத்தனை மரம். தடி வெட்டிய மரம் சில வேளை பக்கக் கிளைவிட்டுப் பிழைக்கிறது. கண்ணா அப்படித் தளிர்க்கும், பெரிய கண்டல் தளிர்ப்பதில்லை. பெக்கோ தோண்டிய இடத்தில் இரண்டுமே இல்லை. 'அழித்தது யார்' என்ற கேள்விக்கு அந்தக் கரும்பலகையில் ஒற்றைச் சொல் விடை இருக்கவில்லை. கேட்ட பிள்ளை கணக்கை முழுவதும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனான். அதற்குப்பின் போனில் வருவதை என்னிடம் காட்டும்போது, "எத்தனை ஏக்கரெண்டு இதில போடல்ல சேர்" என்கிறான்.

இத்தனைக்கும் பாடத்திட்டம் காத்திருக்குமா? இல்லை. மேலதிக வகுப்பு வைத்துத்தான் மற்ற அலகுகளை முடித்தேன். அதிபருக்கு முழுச் சம்மதமில்லை, ஆனால் தடுக்கவுமில்லை.

சென்ற வருடத்துக்கு முந்திய ஜூன் 5, சூழல் தினத்தன்று நகரத்திலிருந்து ஓர் அமைப்பினர் முந்நூறு கண்டல் நாற்றுகளோடு வந்தார்கள். நல்ல மனிதர்கள். பதாகை, தொப்பி, குளிர்பானம், புகைப்படக்காரர் எல்லாம் இருந்தன. அவர்கள் தெரிவுசெய்த இடம் வெறும் சேற்றுத்திடல், பார்வைக்குக் காலியாகத் தெரிவது. "அங்க தண்ணி வத்தாது சேர், நண்டு பொறுக்கிற இடம், கொக்கு மேயிற இடம்" என்று பிள்ளைகள் என் காதில் முணுமுணுத்தார்கள். காலியிடம் என்று நாம் நினைப்பதும் ஒரு சூழற்றொகுதிதான் என்பதை அவர்களுக்கு நான் படிப்பித்திருக்கவில்லை. தாங்களாகவே கண்டிருந்தார்கள்.

இந்த முணுமுணுப்புக்குப் பின்னால் பெரிய ஆதாரம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கண்டல் கரையைக் காக்கும் என்ற நம்பிக்கையில் நாடெங்கும் நாற்றுகள் நடப்பட்டன. அவற்றின் கதி என்னவென்று ஆராய்ந்து 2017இல் இலங்கை, பெல்ஜிய ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டெயர் வரை நடப்பட்டதில் வெற்றி பெற்றது 200 முதல் 220 ஹெக்டெயர் மட்டுமே. 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பாராமல் பிழையான இடத்தில் நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராததும் முக்கிய காரணங்கள். எல்லாக் கண்டல்களையும் பாதுகாக்கும் திட்டத்தை 2015இல் அறிவித்த நாடு இது. அதன் கண்டல் மீளுருவாக்க முயற்சி 2024இல் ஐக்கிய நாடுகளின் பாராட்டையும் பெற்றது. பாராட்டெல்லாம் சரி, கன்றுக்கு வேண்டியது அதற்குரிய நீர்மட்டம்.

பிள்ளைகளின் கருத்தை நான் வந்தவர்களிடம் சொன்னேன். நாற்று வந்துவிட்டது, விருந்தினரும் வந்துவிட்டார்கள், இனி என்ன செய்வது என்றார்கள். நட்டார்கள். பிள்ளைகளும் கூடநின்று நட்டார்கள். விருந்தாளியின் மனத்தை முறிக்க நான் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரமே ஒரு கொப்பி திறந்தோம். மாதம் ஒருமுறை உயிரோடிருக்கும் கன்றுகளை எண்ணுவது. அதோடு, பழைய குளமொன்றின் கட்டு மழைவெள்ளத்தில் உடைந்து களப்பு நீர் உள்ளே வந்துபோகத் தொடங்கியிருந்த இடத்தில், யாரும் நடாமல் முளைப்பவற்றையும் எண்ணுவது.

ஒரு வருட முடிவில் நட்ட முந்நூறில் பதினேழு நின்றன. அவற்றிலும் சில சிப்பி ஒட்டிச் சாய்ந்திருந்தன. உடைந்த கட்டுக்குள் நூற்றுக்கு மேல் தானாக முளைத்திருந்தன, அதிகமும் கண்ணா. நீர் போய்வரப் போய்வர மண்ணின் அமிலமும் கழுவப்படுகிறது போலும். பாசிச்சாயத்தாள் அங்கே முன்னைப்போலச் சிவக்கவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்த அமைப்பினர், நட்ட கன்றுகளின் புகைப்படம் கேட்டு எழுதியிருந்தார்கள். பதினேழின் படத்தையும், மாதவாரியான கணக்கையும், உடைந்த கட்டின் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பினோம். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இம்முறை நாற்றுக் கொண்டுவருமுன் இடத்தைப் பார்க்க வருகிறார்களாம். எந்த நாள், எந்த நேரம் நீர் வற்றியிருக்கும் என்று குறித்துப் பிள்ளைகளே மறுமொழி எழுதினார்கள். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். சேற்றில் முழங்கால்வரை இறங்கத்தக்க உடுப்போடு வரவும் என்று கடிதத்தின் அடியில் யாரோ சேர்த்திருந்தார்கள். அதை அப்படியே விட்டு உறையை ஒட்டினேன்.